கழுத்து நெறிக்குச் சதை டெஸ்ட் எழுதித் தந்திருக்கிறார்களா? லேபுக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

தம்பிக்கு இடது பக்கக் கழுத்தில் நெறி கட்டிய நாளிலிருந்து, அது என்ன நோய் என்று தெரிய எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. டாக்டர்கள் யோசித்த நேரத்தை மட்டும் கூட்டினால் அதில் ஒரு வாரம்கூட வராது. மீதியெல்லாம் தவறான டப்பா, போதாத சதை, பாதி நிரப்பிய படிவம், முன்னால் இருக்க வேண்டிய இனிஷியல் பின்னால் போனது என்றே கழிந்தது.

இரண்டு முறை ரிப்போர்ட்டில் புற்றுநோய் அறிகுறி இல்லை என்று வந்தது. இரண்டு முறையும் வீட்டில் பால் பாயசம். மூன்றாவது முறை ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, அதாவது நெறியில் வரும் ஒரு வகைப் புற்றுநோய் என்று வந்தது. முதல் இரண்டு ரிப்போர்ட்டிலும் பொய் எதுவும் இல்லை என்பது எனக்குப் புரியவே பல நாள் பிடித்தது. நுண்ணோக்கிக்குக் கீழே வைத்ததைப் பற்றி மட்டும் அவை பேசியிருந்தன. வைக்காததற்கும் சேர்த்து நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

நான் டாக்டர் இல்லை. பில் கட்டி, டப்பா தூக்கி, லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். எந்த மருந்து, எந்த ஆபரேஷன் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

1. முதலில் நாள் எண்ணுங்கள்

சொத்தைப் பல், தொண்டைப் புண், தலையில் பேன் கடித்துச் சொறிந்த புண் என்று எதற்கும் கழுத்தில் நெறி கட்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாக வற்றிவிடும். நான்கு வாரமாகியும் வற்றவில்லை, வளர்ந்துகொண்டே போகிறது, காரை எலும்புக்கு மேலே வந்திருக்கிறது, கல் மாதிரி இருக்கிறது என்றால் டாக்டரிடம் கிளம்புங்கள். மாலைக் காய்ச்சல், தலையணை நனையும் இரவு வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு இவற்றில் ஒன்று இருந்தாலும் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம்.

நாங்கள் செய்த முதல் தவறு இந்தக் கட்டத்தில்தான். மருந்துக் கடையில் "வீக்கத்துக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்கிய மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தது. நெறி மளமளவென்று சுருங்கியது. நிம்மதியானோம். இரண்டு வாரத்தில் பழையபடி வந்துவிட்டது. ஸ்டீராய்டு லிம்ஃபோமா செல்களையும் தற்காலிகமாக அடக்கும். அந்த நேரத்தில் சதை எடுத்தால் நோயின் அடையாளம் மங்கியிருக்கும், பார்ப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. கழுத்து நெறிக்குக் காசநோயும் (டிபி) காரணமாக இருக்கலாம். லீவோஃபிளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் இதே வேலையைக் காசநோய்க் கிருமியிடம் செய்யும். டெஸ்ட் முடியும்வரை கடைக்காரரிடம் மருந்து கேட்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டால் பெயரை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. ஊசியா, சதையா என்று கேளுங்கள்

முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் எஃப்.என்.ஏ.சி. மெல்லிய ஊசியை நெறிக்குள் விட்டு, உள்ளிருக்கும் செல்களை உறிஞ்சி, கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றிப் பார்ப்பது. பத்து நிமிட வேலை. மரத்துப்போகும் ஊசிகூடப் பல இடங்களில் போடுவதில்லை. ரிப்போர்ட் ஒன்றிரண்டு நாளில் வந்துவிடும். சீழ் இருக்கிறதா, காசநோய் மாதிரி இருக்கிறதா, வேறிடத்துப் புற்றுநோய் பரவி வந்திருக்கிறதா என்பதற்கெல்லாம் நல்ல டெஸ்ட்.

ஆனால் ஊசியில் வருவது உதிரிச் செல்கள். எந்தச் செல் எதன் பக்கத்தில், என்ன வரிசையில் உட்கார்ந்திருந்தது என்ற அமைப்பு குலைந்துவிடுகிறது. சில நோய்களுக்கு அந்த அமைப்புதான் விடை. தைராய்டில் ஃபாலிகுலர் வகைக் கட்டி ஒன்று உண்டு. சாதாரணக் கட்டியோ புற்றோ, செல்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். உறையைத் துளைத்துக்கொண்டோ ரத்தக்குழாய்க்குள்ளோ போயிருக்கிறதா என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். உறை ஊசியில் வராது.

எங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அது எல்லாச் சோறும் ஒன்றாக வெந்திருந்தால்தான் சரி. ஹாட்ஜ்கின் நோயில் நெறி முழுக்க நோய்ச் செல்கள் நிரம்பியிருப்பதில்லை. பெரும்பாலும் 100 செல்லுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். மற்றவை எல்லாம் சும்மா கூட்டம் கூடி நிற்கும் சாதாரண வெள்ளணுக்கள். ஊசிக்கு அந்தக் கூட்டம் அகப்பட்டால் ரிப்போர்ட் "ரியாக்டிவ்", அதாவது எதற்கோ எதிர்வினையாக வீங்கிய சாதாரண நெறி என்று வரும். எங்களுக்கு முதலில் வந்தது அதுதான்.

ஆகவே லிம்ஃபோமா சந்தேகம் இருக்கிறதா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். இருந்தால், நெறியை முழுசாக எடுத்துப் பார்க்கும் எக்ஸிஷன் பயாப்சிதான் நல்லது. ஆழத்தில் இருந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் சதைக் கீற்று எடுக்கும் கோர் பயாப்சி செய்வார்கள். பல இடத்தில் நெறி இருந்தால் எதை எடுப்பது என்பதும் முக்கியம். தொடை இடுக்கில் இருப்பது எடுக்கச் சுலபம். ஆனால் காலில் பட்ட பழைய காயங்களாலேயே அங்கே நெறி வீங்கியிருக்கும், உருப்படியான பதில் வராமல் போகலாம்.

3. டப்பா விஷயத்தை முதல் நாளே முடியுங்கள்

இந்த ஒன்றை மட்டும் படித்தாலும் போதும் என்பேன்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உங்கள் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து "லேப்ல குடுத்துடுங்க" என்பார்கள். உள்ளே கண்ணெரிச்சல் தரும் ஒரு திரவம் இருக்கும். அது ஃபார்மலின். சதை அழுகாமல், செல்கள் உருக்குலையாமல் அப்படியே வைத்திருக்கும். நுண்ணோக்கியில் பார்க்க அது கட்டாயம் வேண்டும். அதே ஃபார்மலின் கிருமிகளைக் கொன்றுவிடும். அதில் போட்ட சதையில் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் செய்யவே முடியாது. காசநோய்க் கிருமியைத் தேடும் சிபிநாட் என்ற மரபணு டெஸ்ட்டுக்கும் ஃபார்மலின் சதையை வாங்கமாட்டார்கள்.

தம்பியின் நெறியை முழுசாக எடுத்து, முழுசாக ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். நான்கு நாள் கழித்து "டிபி கல்ச்சர் அனுப்பினீங்களா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்காக இன்னொரு நெறியில் திரும்பவும் ஊசி.

நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "சதையை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணு ஃபார்மலின்ல, ஒண்ணு சலைன்ல அனுப்புவீங்களா டாக்டர்?" சலைன் என்பது உப்புநீர். அந்த டப்பா கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். சதை காயாமல் இருக்கும் அளவுக்குச் சலைன் இருந்தால் போதும். அது அன்றே லேபுக்குப் போக வேண்டும். தாமதமானால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது.

ஃபார்மலின் டப்பாவுக்கும் கணக்கு இருக்கிறது. சதையின் அளவைப் போலக் குறைந்தது பத்து மடங்கு திரவம் வேண்டும். வாய் அகன்ற டப்பாவாக இருக்கட்டும். மாத்திரைக் குப்பியில் திணித்தால் சதை விறைத்துப்போய் வெளியே வராது. பெயர்ச் சீட்டை மூடியில் ஒட்டாமல் டப்பாவின் உடம்பில் ஒட்டச் சொல்லுங்கள். மேசையில் நாலு டப்பா திறந்திருந்தால் மூடி மாறும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். எனக்குக் கசிந்து, இறங்கும்வரை கண்ணைத் திறக்க முடியவில்லை.

4. படிவத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள்

நுண்ணோக்கியில் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் உங்கள் நோயாளியைப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் படிவத்தில் எழுதியதுதான். எங்கள் படிவத்தில் "கழுத்துக் கட்டி" என்று ஒரே ஒரு வரி இருந்தது. எத்தனை நாளாக, எந்தப் பக்கம், காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, ஸ்டீராய்டு சாப்பிட்டாரா, முந்தைய ஊசி டெஸ்ட்டில் என்ன வந்தது, இவையெல்லாம் இருக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டின் நகலைப் பின் பண்ணிக் கொடுங்கள்.

பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கட்டும். ஒரு இடத்தில் எஸ். குமார், இன்னொரு இடத்தில் குமார் எஸ். என்றிருந்தால் லேபில் விட்டுவிடுவார்கள். காப்பீட்டுக்காரர் விடமாட்டார்.

5. எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்

சதை டெஸ்ட்டுக்கு எங்களுக்கு ஐந்து நாள் ஆனது. வாரத்துக்குள் வந்தால் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஃபார்மலின் ஊற வேண்டும். அப்புறம் சதையிலிருந்து நீரை எடுத்து மெழுகை ஏற்றி, மெழுகுக் கட்டியாக்குகிறார்கள். அதுதான் பிளாக். அதை 4 மைக்ரான் அளவுக்குச் சீவி (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஸ்லைடு என்ற கண்ணாடித் துண்டில் ஒட்டி, இரண்டு சாயம் ஏற்றுகிறார்கள். செல்லின் கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். எலும்பு என்றால் சுண்ணாம்புச் சத்தை நீக்க இன்னும் சில நாள் கூடும்.

தினமும் லேபுக்குப் போன் போட்டு நச்சரித்ததில் எனக்கு ஒரு மணி நேரம்கூட மிச்சமாகவில்லை. சிபிநாட் முடிவு மட்டும் இரண்டு மணி நேரத்தில் மெஷினில் வந்துவிடும், ரிப்போர்ட் கைக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். கல்ச்சருக்குப் பொறுமை வேண்டும். கிருமி இல்லை என்று உறுதியாகச் சொல்ல ஆறு வாரம் வரை பார்ப்பார்கள்.

6. ரிப்போர்ட்டில் எழுதாததையும் படியுங்கள்

ஒரு சென்டிமீட்டர் சதையை 4 மைக்ரானாகச் சீவினால் 2,500 சீவல் வரும். பார்ப்பது அதில் சிலவற்றை மட்டும். அதனால்தான் நல்ல பேத்தாலஜிஸ்டுகள் "இந்த மாதிரியில் புற்றுநோய் அறிகுறி இல்லை" என்று எழுதுகிறார்கள். "இந்த மாதிரியில்" என்பதை நாங்கள் படிக்கவே இல்லை. அறிகுறிகள் தொடர்ந்தும் ரிப்போர்ட் நல்லபடி வந்தால், "பிளாக்கை இன்னும் ஆழமாச் சீவிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வழக்கமாகச் செய்வதுதான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"சஜெஸ்டிவ் ஆஃப்" என்றால் அப்படித் தோன்றுகிறது, உறுதி இல்லை. "கன்சிஸ்டன்ட் வித்" என்றால் அந்த நோயோடு ஒத்துப்போகிறது. "இன்அடிக்வேட்" என்றால் சதை போதவில்லை, நோய் இல்லை என்று அர்த்தம் கிடையாது. "கிளினிக்கல் கோரிலேஷன்" என்பதை நான் வெகுநாள் சம்பிரதாய வரி என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிவது இவ்வளவுதான், ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்குச் சொல்வது அது.

எங்களைக் கவிழ்த்த சொல் "கிரானுலோமா". இரண்டாவது ஊசியில் வந்தது. உடம்பு எதையோ சுற்றிவளைத்துச் செல்களால் கட்டிய வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அதற்குப் பெரும்பாலும் காசநோய்தான் காரணம், அதனால் டிபி மாத்திரை தொடங்கினார்கள். ஆனால் சார்காய்டோசிஸ் என்ற நோயிலும் கிரானுலோமா வரும். பூஞ்சையிலும் வரும். ஹாட்ஜ்கினுக்குப் பக்கத்திலேயேகூட இருக்கும். வேலி தெரிந்தது, உள்ளே யார் என்று தெரியவில்லை. ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டும் நெறி வளர்ந்தது. அதன் பிறகுதான் முழு நெறியை எடுத்தார்கள். காசநோயிலும் சிகிச்சை நடுவில் நெறி கொஞ்சம் பெரிதாவது உண்டு என்பதால், நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

கிருமியையே நேரடியாகப் பார்க்க முடியாதா என்று நானும் கேட்டேன். காசநோய்க் கிருமி 2 முதல் 4 மைக்ரான் நீளம். சாயம் ஏற்றி 1,000 மடங்கு பெருக்கிப் பார்த்தால் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சியாகத் தெரியும். தெரிவதற்கு நிறைய இருக்க வேண்டும். சளியில் ஒரு மில்லிக்கு 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். நெறியில் கிருமி எப்போதுமே குறைவு. எனவே "கிருமி தென்படவில்லை" என்பதை வைத்துக் காசநோய் இல்லை என்று சொல்ல முடியாது. தென்பட்டாலும் அது உயிரோடு இருக்கிறதா, எந்த மருந்துக்கு மசியும் என்று கண்ணாடித் துண்டு சொல்லாது. ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்பதைச் சிபிநாட் சொல்லும். மற்றவற்றுக்குக் கல்ச்சர் அல்லது வேறு மரபணு டெஸ்ட்.

  

7. "ஐ.எச்.சி. செய்யவும்" என்று வந்தால் கலங்காதீர்கள்

எங்கள் மூன்றாவது ரிப்போர்ட்டில் "சந்தேகத்துக்குரிய பெரிய செல்கள், ஐ.எச்.சி. தேவை" என்று இருந்தது. பணம் பிடுங்குகிறார்கள் என்று வீட்டில் ஒரு சித்தப்பா கத்தினார். நிஜத்தில் அது அவசியம். சாதாரண நீல, சிவப்புச் சாயத்தில் பல செல்கள் ஒரே முகத்தோடு இருக்கும். ஐ.எச்.சி. என்பது செல்லின் மேல் இருக்கும் குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டிப் பழுப்பு நிறம் காட்டும் சாயம். சி.டி. 30, சி.டி. 15, சி.டி. 20 என்று எண்கள் வரும். எது ஒட்டியது, எது ஒட்டவில்லை என்பதை வைத்து லிம்ஃபோமாவின் வகையைப் பிரிக்கிறார்கள். வகை மாறினால் மருந்து மாறும்.

அதே பிளாக்கிலிருந்தே சீவிச் செய்வதால் திரும்பச் சதை எடுக்க வேண்டாம். சதை கொஞ்சமாக இருந்தால் பிளாக் தீர்ந்துபோகும் ஆபத்து உண்டு. எந்தெந்தச் சாயம் என்று டாக்டரும் பேத்தாலஜிஸ்டும் பேசி முடிவு செய்யட்டும். எங்களுக்கு இதற்கு மேலும் ஆறு நாள் ஆனது.

8. பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்குங்கள்

பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் வெளி ரிப்போர்ட்டை மட்டும் நம்பிச் சிகிச்சை தொடங்கத் தயங்குவார்கள். அடையாறு, வேலூர் சி.எம்.சி., ஜிப்மர், எங்கே போவதாக இருந்தாலும் பிளாக், ஸ்லைடு, அசல் ரிப்போர்ட் மூன்றையும் கையில் எடுத்துப் போங்கள். ஸ்லைடு மட்டும் போதாது, புதிதாகச் சீவ பிளாக் வேண்டும்.

வாங்க ஒரு விண்ணப்பக் கடிதம், ரிப்போர்ட் நகல், நோயாளியின் ஆதார் நகல். நோயாளி வராவிட்டால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், போகிறவரின் ஆதார். எங்கள் லேபில் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சீட்டு போன்ற ஆவணங்களைத் தர இழுத்தடித்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையில் இருப்பதை மரியாதையாக நினைவுபடுத்துங்கள். எழுத்தில் கேட்டிருந்தால்தான் இது எடுபடும்.

பிளாக்கில் எழுதியிருக்கும் எண்ணும் ரிப்போர்ட் எண்ணும் ஒன்றா என்று கவுன்டரிலேயே பாருங்கள். எங்களுக்கு முதலில் கொடுத்தது வேறு யாருடையதோ. ஸ்லைடு உடையும், பிளாஸ்டிக் ஸ்லைடுப் பெட்டி கேளுங்கள். பிளாக் மெழுகு என்பதை மறக்க வேண்டாம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் இளகிப்போகும். ரயிலில் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போட்டுச் சீட்டுக்கு அடியில் தள்ள வேண்டாம்.

9. செலவும் காகிதமும்

எங்கள் தனியார் பில்: ஊசி டெஸ்ட் ஒன்றுக்கு 900 ரூபாய், நெறி எடுத்த சிறு ஆபரேஷன் 14,000, சதை டெஸ்ட் 1,800, ஐ.எச்.சி. 11,500. ஊருக்கு ஊர் மாறும். ஐ.எச்.சி.க்குச் சாயம் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள், எத்தனை சாயம் என்று முதலிலேயே கேளுங்கள்.

சிபிநாட் அரசு காசநோய் மையத்தில் இலவசம். தனியார் டாக்டரின் சீட்டோடு போனாலும் செய்தார்கள். காசநோய் என்று உறுதியானால் மருந்தும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். ஆதாரும் பாஸ்புக் நகலும் கொண்டுபோங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுதான் நாளை இழுக்கும், நெறி எடுக்கத் தேதி குறித்த அன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். நாங்கள் ரிப்போர்ட் வந்த பிறகு ஓடினோம்.

ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வையுங்கள். பிளாக்கைச் சிகிச்சை முடிந்த பிறகும் தூக்கிப் போடாதீர்கள். நோய் திரும்பினால் பழையதோடு ஒப்பிட அதைத்தான் கேட்பார்கள். தம்பியின் பிளாக் இப்போது வீட்டில் அடுப்படியிலிருந்து தள்ளி இருக்கும் மர அலமாரியில், அவன் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே டப்பாவில் இருக்கிறது.